குளமா, காற்றூட்டும் தொட்டியா: புழு முட்டையை எது பிடிக்கும்?

மெக்சிகோ நகரத்துச் சாக்கடை நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மெஸ்கிட்டால் பள்ளத்தாக்கின் வயல்களில் பாய்ந்துவருகிறது. மக்காச்சோளமும் குதிரைமசாலும் செழித்தன. சுத்திகரிக்காத நீரைப் பாய்ச்சிய வீடுகளின் குழந்தைகள் வயிற்றில் உருளைப்புழுவும் பெருகியது. கழிவுநீர்ப் பாசனத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 1989இல் வைத்த வரம்பு, லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் கூடாது என்பது. மெக்சிகோவும் 1996இல், எல்லாப் பயிருக்கும் பாய்ச்சும் நீருக்கு அதே ஒன்றையே விதியாக்கியது.

இந்த ஒன்றை எட்ட இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன. வரிசையாக வெட்டிய குளங்களில் நீரை எட்டுப் பத்து நாள் நிறுத்துவது பழைய வழி. உருளைப்புழு முட்டை ஏறக்குறைய 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) பருமன், நீரைவிடக் கனம். தானாக அடியில் படிந்துவிடும். மின்சாரம் வேண்டாம், நிலம்தான் வேண்டும், அதுவும் ஏக்கர் கணக்கில். பெருநகரத்தில் அதற்கு வழியில்லை.

மற்றொரு வழி, நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும்படி காற்றைச் செலுத்தும் தொட்டி. இந்தக் காற்றூட்டும் தொட்டியில் நீர் சில மணி நேரமே தங்குகிறது. பெரும்பாலான முட்டைகள் கசடோடு இறங்கிவிடும். மிஞ்சியதைப் பிடிக்க மணல் வடிகட்டி வேண்டும். நிலையத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தெளிந்த நீரைக் குவளையில் ஏந்திக் காட்டுவார்கள். கசடு லாரி எங்கே போகிறது என்று கேட்பதே என் வழக்கம். முட்டைகள் செத்துவிடவில்லை, இடம் மாறியிருக்கின்றன. மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 55 டிகிரிக்கு மேல் சூடேறும்படி மட்க வைக்காமல் வயலில் கொட்டினால் செலவழித்ததெல்லாம் வீண். குளத்துச் சேற்றுக்கும் இது பொருந்தும், ஆனால் அதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாரினால் போதும். நிலம் உள்ள சிற்றூருக்கு நான் குளத்தையே சொல்வேன்.

கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒற்றைச் செல் குடல் ஒட்டுண்ணி என்று வந்தால் கணக்கு மாறுகிறது. 4 முதல் 6 மைக்ரானே உள்ள அதன் கூடு (நீரில் அது பரவும் ஓடு மூடிய வடிவம்) லேசில் படியாது. குளோரினுக்கும் அசையாது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் குளோரின் கலந்த குடிநீர் வழியாகவே சுமார் நான்கு லட்சம் பேரை வயிற்றுப்போக்கில் தள்ளியது. அதே கூடு சிறிதளவு புற ஊதா ஒளிக்கு மலடாகிவிடுகிறது. தடித்த ஓட்டுக்குள் இருக்கும் புழு முட்டையோ அந்த ஒளியை எளிதில் தாங்கிக்கொள்ளும்! தொட்டி நீரை வடிகட்டிவிட்டால் ஒளி ஊடுருவும். குளத்து நீரோ பாசியால் பச்சையாக வெளிவரும். அதில் விளக்கைப் பொருத்தினால் ஒளியைப் பாசியே தடுத்துவிடும்.