பெரிய கலப்பு வளாகம் பக்கத்தில் வந்தால்: ஒற்றை மேடையா, திறந்த தெருக்களா?

பழைய ஆலை, ரயில் யார்டு, கிடங்கு என்று நகரத்துக்கு நடுவே 20, 30 ஏக்கர் காலியானால் இன்று அங்கே வருவது பெரும்பாலும் கலப்பு வளாகம்தான். கீழே கடைகள், நடுவே அலுவலகங்கள், மேலே வீடுகள், ஓரமாக ஒரு ஓட்டல். அறிவிப்பு வந்ததுமே சுற்றியுள்ள தெருக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். இடத்துக்கு மதிப்பு ஏறும் என்பது ஒரு கட்சி. இனி தெருவில் கால் வைக்க முடியாது என்பது இன்னொரு கட்சி. வாக்குவாதம் முழுக்க மாடிக் கணக்கிலேயே போய் முடியும். 40 மாடி கேட்டவர்கள் 30க்கு இறங்கி வந்தால் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து எல்லாரும் கலைந்துவிடுகிறார்கள்.

அந்தப் பத்து மாடி பக்கத்துத் தெருக்காரரின் அன்றாடத்தில் பெரிதாக எதையும் மாற்றாது என்பதுதான் என் கருத்து. அவருக்கு முக்கியமானவை இரண்டு: கீழ் மூன்று மாடிகள் தெருவை எப்படிச் சந்திக்கின்றன, எது முதலில் கட்டப்படுகிறது.

ஒரே நிலத்தில், ஒரே தளப்பரப்பை மூன்று விதமாகக் கட்டலாம். முதலாவது ஒற்றை மேடை: நிலம் முழுவதையும் மூன்று நான்கு மாடி உயரத்துக்கு ஒரே கட்டடமாக நிரப்பி, உள்ளே மாலும் பார்க்கிங்கும் வைத்து, அதன் தலையில் டவர்களை நிறுத்துவது. இரண்டாவது, நிலத்துக்குள் பொதுத் தெருக்களை வெட்டி, அவற்றை வெளித் தெருக்களோடு இணைத்து, துண்டு துண்டாகக் கட்டடங்களை எழுப்புவது. மூன்றாவது, பெரிய திட்டமே வேண்டாமென்று நிலத்தைப் பிரித்து விற்று, மனைக்கு மனை தானாக வளர விடுவது.

சுவரும் வாசலும்

ஒற்றை மேடையின் முகப்பு எப்போதும் பெரிய சாலையைப் பார்த்துத்தான் இருக்கும். கண்ணாடி, விளக்கு, நீரூற்று எல்லாம் அங்கே. குடியிருப்புத் தெருவுக்குக் கிடைப்பது அதன் முதுகு. அந்த முதுகை ஒட்டி ஒருமுறை நடந்து பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். முதலில் டிரான்ஸ்ஃபார்மர் அறையின் இரும்புக் கதவு. அடுத்து பேஸ்மென்டிலிருந்து புகையை வெளியேற்றும் காற்றுத் துவாரச் சட்டங்கள். பக்கத்தில் போனால் சூடான காற்று முகத்தில் அடிக்கும். பிறகு வெளிப்பக்கம் கைப்பிடியே இல்லாத தீ அவசர வழிக் கதவுகள். அதைத் தாண்டினால் லாரிகள் பின்னோக்கி நுழையும் லோடிங் பே, குப்பை அறை, கடைசியில் கார்கள் ஏறி இறங்கும் சரிவு. 200, 300 மீட்டர் நீளத்துக்கு ஒரு வாசலோ ஜன்னலோ இருக்காது. எதிர்வரிசை வீடுகள் முன்பு எதிர்வீட்டைப் பார்த்தன. இனி இதைப் பார்க்கும். இரவு எட்டு மணிக்கு மேல் அந்தப் பக்கம் தனியாக நடக்க யாரும் துணியமாட்டார்கள். கடையடைத்த பிறகு மால் உள்ளே எவ்வளவு பாதுகாப்பாக இருந்தாலும் இந்தத் தெருவில் பார்ப்பதற்குக் கண்கள் இருக்காது.

இதைவிடப் பெரிய இழப்பு வழி. மேடை கட்ட வேண்டுமென்றால் நடுவில் ஓடும் தெருக்களை மூட வேண்டும். நியூயார்க்கின் புரூக்ளினில் 2003 இல் அறிவிக்கப்பட்ட, விளையாட்டு அரங்கமும் வீடுகளும் சேர்ந்த அட்லாண்டிக் யார்ட்ஸ் திட்டத்துக்காக பசிபிக் தெருவின் சில பகுதிகளும் ஐந்தாம் அவென்யூவின் ஒரு துண்டும் பொதுத் தெரு என்ற தகுதியை இழந்தன. ஒரு தெரு மூடப்பட்டால் அதில் போன வண்டிகள் எல்லாமே மறைந்துவிடுவதில்லை, பல பக்கத்துத் தெருவுக்குப் போகின்றன. இரண்டு நிமிட நடை பத்து நிமிடச் சுற்றாகும்போது நடந்து போனவர்களும் வண்டியை எடுக்கிறார்கள்.

ஒரே நிலத்துக்கு இரண்டு முறைகளையும் போட்டுப் பார்த்த உதாரணம் மன்ஹாட்டனின் பேட்டரி பார்க் சிட்டி. 92 ஏக்கர் நிலம். 1969 திட்டம் ஒன்றோடொன்று இணைந்த ராட்சதக் கட்டடங்களைக் கற்பனை செய்தது. அது நகரவே இல்லை. ஒரு காய் எடுத்தால் எல்லாக் காயும் சரியும் அமைப்பு அது. மொத்தப் பணமும் மொத்த அனுமதியும் சேராமல் ஒரு பகுதியைக்கூடத் தொடங்க முடியாது. 1979 இல் கட்டடக்கலைஞர்கள் அலெக்சாண்டர் கூப்பரும் ஸ்டான்டன் எக்ஸ்டட்டும் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, மன்ஹாட்டனின் தெருக்கட்டத்தை அப்படியே நீட்டி, நிலத்தைச் சிறு மனைகளாகப் பிரித்து வெவ்வேறு பில்டர்களிடம் கொடுக்கலாம் என்றார்கள். அதன்பின்தான் வேலை ஓடியது. தெரு வெட்டுவது அக்கம்பக்கத்தாருக்கு மட்டும் நல்லதல்ல, கட்டுகிறவருக்கும் நல்லது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நடுவில் ஓடும் அகலமான வெஸ்ட் ஸ்ட்ரீட் நெடுஞ்சாலை அந்தப் பகுதியைப் பழைய நகரத்திலிருந்து இன்றும் பிரித்தே வைத்திருக்கிறது. உள்ளே எத்தனை அழகான தெரு போட்டாலும் எல்லையில் ஒரு தடை இருந்தால் பாதிப் பயன் போய்விடும்.

இரண்டாவது வகைக்கு இன்று எல்லாரும் காட்டுவது லண்டனின் கிங்ஸ் கிராஸ். 67 ஏக்கர் ரயில்வே நிலத்துக்கு 2006 இல் திட்ட அனுமதி கிடைத்தது. 20 புதிய தெருக்கள், 10 பூங்காக்களும் சதுக்கங்களும். பழைய தானியக் கிடங்கில் 2011 இல் ஒரு கலைக் கல்லூரி வந்தது. ஷாப்பிங் வளாகம் 2018 இல்தான் திறந்தது. இந்த வரிசையை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். முதலில் மாணவர்கள், திறந்தவெளி, அதன்பிறகு கடைகள். குறையும் உண்டு. அந்தத் தெருக்களும் சதுக்கங்களும் பொதுமக்கள் நடக்கலாம் என்றாலும் தனியாருக்குச் சொந்தமானவை. அங்கே கேமராக்களில் முகம் கண்டறியும் தொழில்நுட்பம் பயன்படுத்தப்பட்டது என்று 2019 இல்தான் வெளியே தெரிந்தது. ஆகவே பொதுத் தெரு என்று வரைபடத்தில் போட்டிருந்தால் போதாது. அது நகராட்சியிடம் ஒப்படைக்கப்படுமா, இரவில் கேட் போடுவார்களா, அங்கே கூடிப் பேசவும் உட்காரவும் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

வண்டிகள்

கலப்பு வளாகத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் உண்மையிலேயே பலமானது போக்குவரத்து வாதம். வீடும் வேலையும் கடையும் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு பகுதிப் பயணம் உள்ளேயே முடிந்துவிடும். பார்க்கிங்கும் பகிரலாம்: அலுவலகக் கார்கள் பகலில், குடியிருப்போர் கார்கள் இரவில், கடைக்கு வருவோர் மாலையில். ஒரே இடத்தை மூன்று பேர் முறை வைத்துப் பயன்படுத்தலாம்.

ஆனால் நடைமுறையில் மேடை வளாகங்கள் இதைச் செய்வதில்லை. வீட்டுக்காரருக்குத் தனி தளம், அலுவலகத்துக்குத் தனி தளம், மாலுக்குத் தனி தளம் என்று பூட்டிப் பிரித்துவிடுகிறார்கள். பார்க்கிங் இடம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு கார்கள் வரும். அவை எல்லாம் ஒன்றிரண்டு சரிவு வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். சனிக்கிழமை மாலை அந்தச் சரிவின் வாய் எந்தத் தெருவில் திறக்கிறதோ அந்தத் தெரு அடைத்துக்கொள்ளும். திறந்த தெரு வளாகத்தில் அதே கார்கள் ஏழெட்டு சந்திப்புகளில் பிரிந்துபோகும். மொத்த எண்ணிக்கை குறையாமல் போகலாம், ஒரே தெருவின் தலையில் விழாது.

வண்டி விஷயத்தில் ஒன்றில் மட்டும் மேடைக்கே என் ஓட்டு. சரக்கு லாரி, குப்பை வண்டி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் பூமிக்கு அடியில் கொண்டுபோய் ஒரே இடத்தில் வைக்க அதனால் முடியும். பின்னோக்கி வரும் லாரியின் பீப் சத்தம் விடியற்காலையில் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே கேட்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். திறந்த தெரு வளாகத்தில் சரக்கு இறக்கும் நேரத்தை விதியாகவே எழுதி வைக்காவிட்டால் ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு நேரத்தில் லாரி வந்து நிற்கும்.

காற்றும் வெயிலும்

உயரம் முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. உயரமான கட்டடத்தில் மோதும் காற்று கீழ்நோக்கி இறங்கித் தெருவில் வேகமெடுக்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் அலுவலகமும் வீடுகளும் சேர்ந்த 32 மாடி பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் எழுந்த பிறகு அடிவாரத்தில் காற்றுத் தொல்லை தொடங்கியது. 2011 இல் அந்தக் காற்றில் ஒரு லாரி கவிழ்ந்து நடந்துபோன ஒருவர் உயிரிழந்தார். பலத்த காற்றடிக்கும் நாட்களில் சாலையை மூட வேண்டியதாயிற்று; பல ஆண்டுகள் கழித்து, காற்றைத் திருப்பும் பெரிய தடுப்புகளைத் தெருவுக்கு மேலே கட்டினார்கள். வரைபடக் கட்டத்திலேயே காற்றுச் சோதனையைச் சரியாகச் செய்யச் சொல்ல வேண்டும். டவரை மேடைமேல் உள்ளே தள்ளி வைத்தால் இறங்கும் காற்று மேடைக் கூரையிலேயே உடையும்; இது மேடைக்கு இருக்கும் இன்னொரு நியாயமான சாதகம். நிழலுக்கு ஓர் எளிய அளவுகோல் பிரிட்டனில் உண்டு: மார்ச் 21 அன்று ஒரு தோட்டத்தின் பாதிப் பரப்பாவது குறைந்தது 2 மணி நேரம் வெயில் பெற வேண்டும். எண் ஊருக்கு ஊர் மாறலாம், அப்படி ஓர் எண்ணைக் கேட்டு வாங்குவது அவசியம்.

வாடகை

எல்லாரையும் தூங்கவிடாத கேள்வி இது. புதிய பெரிய கட்டடம் வந்தால் அக்கம்பக்க வாடகை ஏறும் என்பது பொது நம்பிக்கை. அமெரிக்காவில் 11 நகரங்களின் வருமானம் குறைந்த பகுதிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வேறு விதமாகச் சொல்கிறது: பெரிய புதிய அடுக்குமாடிகள் வந்த இடத்துக்குச் சுமார் 250 மீட்டருக்குள் வாடகை, சற்றுத் தள்ளியுள்ள வீடுகளோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதம் குறைந்தது. காரணம் எளிது. வசதியுள்ளவர்கள் பழைய வீடுகளுக்குப் போட்டியிடுவதை விட்டுவிட்டுப் புதியதற்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் அந்த ஆய்வு பேசுவது வீடுகளைப் பற்றி. கலப்பு வளாகத்தில் அலுவலகமும் வருகிறது. கிங்ஸ் கிராஸில் திட்டமிட்ட வீடுகள் ஏறத்தாழ 2,000. அங்கே வேலைக்கு வருவோர் அதைப்போலப் பல மடங்கு. உள்ளே இடமில்லாதவர்கள் எங்கே வீடு தேடுவார்கள்? நடந்துபோகும் தூரத்தில், அதாவது நம் தெருவில். எனவே உள்ளே எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேருக்கு வீடு என்ற விகிதத்தைப் பார்க்காமல் வாடகை ஏறுமா இறங்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பொதுவிசாரணைகளில் அதிகம் கேட்கப்படாத கேள்வி இது.

கடைகளின் கதை இன்னும் சிக்கல். மாலுக்கு வருகிறவர் சரிவில் ஏறி, லிஃப்டில் போய், அதே சரிவில் இறங்கிவிடுவார்; வெளித்தெருவில் கால் படாது. அங்குள்ள தையற்காரரும் பூட்டு சாவி செய்கிறவரும் கூட்டத்தைக் கண்ணால் பார்ப்பார்கள், கல்லாவில் பார்க்கமாட்டார்கள். திறந்த தெருவில் கூட்டம் வழிந்து வரும். அதோடு கடை வாடகையும் ஏறி, ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் அதே தையற்காரர் வெளியேற வேண்டிவரலாம். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு வழியுமே சிறு கடைக்காரருக்கு நல்லதல்ல. வளாகத்துக்குள் சிறு கடைகளுக்கென்று குறைந்த வாடகை இடம் ஒதுக்கச் சொல்வது தவிர வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை.

மனைக்கு மனை

மூன்றாவது வழியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மெதுவாக வளரும், தெரு மாறாது, யாரும் ஒரே நாளில் அதிர்ச்சியடையமாட்டார்கள். ஆனால் பூங்காவும் கழிவுநீர்க் குழாயும் அகலச் சாலையும் யார் பொறுப்பு என்பதற்கு விடை இருக்காது. டோக்கியோவில் 2003 இல் திறந்த ரோப்போங்கி ஹில்ஸ் கலப்பு வளாகம் இருக்கும் இடத்தில் முன்பு தீயணைப்பு வண்டி நுழைய முடியாத ஒடுக்கமான சந்துகள் இருந்தன. சுமார் 400 நில உரிமையாளர்களோடு பேசி, 17 ஆண்டுகள் எடுத்து அதைக் கட்டினார்கள். உரிமையாளர்கள் நிலத்துக்குப் பதிலாகப் புதிய கட்டடத்திலேயே பங்கு பெற முடிந்தது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு தன் சொந்த மின்நிலையத்திலிருந்து வெளியே மின்சாரம் கொடுக்கவும் அந்த வளாகத்தால் முடிந்தது. பெரிய திட்டத்தால் மட்டுமே முடியும் காரியங்கள் உண்டு என்பதை மறுப்பது நியாயமல்ல.

எது முதலில்

என் தேர்வு திறந்த தெருக்கள். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வரிசை. வழக்கமாக லாபம் தரும் பகுதி முதலில் வரும், அக்கம்பக்கத்தாருக்கு வாக்களித்த பகுதி கடைசிக் கட்டத்துக்குப் போகும். அட்லாண்டிக் யார்ட்ஸில் விளையாட்டு அரங்கம் 2012 இலேயே திறந்துவிட்டது. கட்டுப்படியாகும் வாடகையில் 2,250 வீடுகள் என்ற வாக்குறுதிக்கு 2025 மே கெடு. கெடு தாண்டியும் 800க்கு மேற்பட்டவை கட்டப்படவில்லை. வீடு ஒன்றுக்கு மாதம் 2,000 டாலர் அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுதித்தான் இருந்தது.

ஆகவே அபராதத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு வாக்குறுதியையும் பயன்பாட்டு அனுமதியோடு, அதாவது கட்டியதைப் பயன்படுத்தத் தரும் அனுமதியோடு, முடிச்சுப்போடச் சொல்லுங்கள்: இணைப்புத் தெருக்கள் திறக்கும்வரை முதல் டவருக்கு அனுமதி இல்லை, பூங்கா நகராட்சியிடம் ஒப்படைக்கும்வரை கடைகள் திறக்கக்கூடாது, வீடுகளின் பங்கு கட்டி முடியும்வரை அடுத்த அலுவலகக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் கிடையாது. திட்ட அறிக்கையில் கட்ட வாரியான அட்டவணை கடைசிப் பக்கங்களில் இருக்கும். பளபளப்பான படங்களைத் தள்ளிவிட்டு முதலில் அதைப் புரட்டுங்கள். ஆட்சேபம் தெரிவிக்கத் தரும் அவகாசம் பெரும்பாலும் சில வாரங்கள்தான், அதற்குள் பத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்டு இந்த மூன்று நிபந்தனைகளையும் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.