ஆஸ்டினா, காலேஜ் ஸ்டேஷனா? டாக்டராக நினைக்கும் பிள்ளைக்கு எது தோது

என் தங்கை மகளுக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்திலும் இடம் கிடைத்தது, காலேஜ் ஸ்டேஷனில் உள்ள டெக்சாஸ் ஏ அண்டு எம்மிலும் கிடைத்தது. "பேரைப் பார்த்தா ஆஸ்டின்தானேண்ணா?" என்று தங்கை கேட்டாள். பேரைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் பேசுவோம் என்றேன். அன்று பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளஸ் டூ முடித்ததும் எம்பிபிஎஸ் சேருகிற வழக்கம் இங்கே அமெரிக்காவில் இல்லை. முதலில் நான்கு ஆண்டு ஏதாவது ஒரு பட்டம், அப்புறம்தான் மருத்துவக் கல்லூரி. மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகிற ப்ரீ-மெட் என்பது தனிப் பட்டமும் இல்லை. எந்தப் பட்டம் எடுத்தாலும் உயிரியல், வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல், உயிர்வேதியியல் எல்லாம் முடித்து, எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வை எழுதி, விண்ணப்பிக்க வேண்டும். டெக்சாஸின் அரசு மருத்துவக் கல்லூரிகள் 90 சதவீத இடங்களை மாநிலத்தவருக்கே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சலுகை இரண்டு வளாகத்துப் பிள்ளைக்கும் ஒன்றுதான். ஒரு பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினால் அதன் மருத்துவக் கல்லூரியில் தானாக இடம் கிடைத்துவிடாது என்பதும் இரண்டுக்கும் பொது.

பெற்றோருக்கு இருக்கிற பெரிய பயம் ஜிபிஏ, அதாவது ஏ, பி என்ற தரங்களை நான்குக்கு இத்தனை என்று மாற்றிப் போடும் சராசரி. "ஆஸ்டினில் ஏ மைனஸ் போடுகிறார்கள், பிள்ளையின் சராசரி இறங்கிவிடும்" என்பார்கள். ஆஸ்டினில் பிளஸ், மைனஸ் உண்டு, ஏ அண்டு எம்மில் வெறும் ஏ, பி, சி மட்டும் என்பது உண்மை. ஆனால் மாநில மருத்துவக் கல்லூரிகளுக்கான டிஎம்டிஎஸ்ஏஎஸ் பொது விண்ணப்பம் பிளஸையும் மைனஸையும் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே ஏ மைனஸும் 4.0, பி பிளஸும் 3.0. மற்ற மாநிலக் கல்லூரிகளுக்கான அம்காஸ் விண்ணப்பத்தில்தான் ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3. ஆகவே டெக்சாஸிலேயே மருத்துவம் படிக்க நினைக்கிற பிள்ளைக்கு ஆஸ்டினின் ஏ மைனஸ் நஷ்டமே இல்லை. வெளிமாநிலத்தைக் குறிவைத்தால் ஏ அண்டு எம்மின் முழு ஏ கொஞ்சம் கை கொடுக்கும். பி பிளஸ் வாங்குகிற பிள்ளைக்கு இதே கணக்கு தலைகீழ். இரண்டு விண்ணப்பத்துக்கும் பொதுவான ஒன்றைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன்: ஒரு பாடத்தை மறுபடி எடுத்தாலும் பழைய மதிப்பெண் அழியாது, இரண்டும் சேர்ந்தே சராசரியில் ஏறும். முதல் செமஸ்டரில் தடுமாறாமல் இருப்பது எந்த ஊரில் எளிதோ, அந்த ஊருக்கு நான் ஒரு புள்ளி கூட்டிப் போடுவேன்.

ஆராய்ச்சியில் ஆஸ்டினின் கை ஓங்கியிருக்கிறது. அறிவியல் கல்லூரியின் முதலாண்டு ஆராய்ச்சித் திட்டத்தில் சேரும் பிள்ளை, பேராசிரியர் ஒருவரின் ஆய்வுப் பாதையில் முதல் வருடமே ஆய்வகத்தில் கை நனைக்கலாம். மற்ற இடங்களில் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்கிற வயசு அது. வளாகத்தை ஒட்டியே 2016இல் முதல் மாணவர்களைச் சேர்த்த டெல் மருத்துவக் கல்லூரியும், அதன் மாணவர்கள் பயிற்சி பெறும் மருத்துவமனையும் இருக்கின்றன. கார் இல்லாத பிள்ளைக்கு இது பெரிய வசதி. வாடகைதான் கையைக் கடிக்கும்.

காலேஜ் ஸ்டேஷனின் பலம் வேறு. அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி நடத்தும் பயோமெடிக்கல் சயின்ஸ் பட்டம் இருக்கிறது. பிள்ளைகள் பிம்ஸ் என்பார்கள். டாக்டர், பல் மருத்துவர், கால்நடை மருத்துவர் என்று போக நினைப்பவர்கள் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். பதினெட்டு வயதில் "டாக்டர்தான்" என்று சொல்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர் இருபது வயதில் மனம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பிம்ஸில் அப்படி மாறினால் பக்கத்துக் கதவு திறந்தே இருக்கும். ஆஸ்டினில் உயிரியலில் சேர்ந்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறலாம் என்று நினைத்தால் அது லேசில் நடக்காது. இதைச் சேரும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்.

மருத்துவமனை அனுபவம் காலேஜ் ஸ்டேஷனிலும் பக்கத்து ப்ரையனிலும் கிடைக்கும், ஆனால் ஊர் சிறியது, கார் இருந்தால்தான் சௌகரியம். ஹூஸ்டனிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் என்பதால், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து இங்கே உள்ள டெக்சாஸ் மெடிக்கல் சென்டரில் வாய்ப்புத் தேடலாம். ஆஸ்டின் இரண்டரை மணி நேரத்துக்கு மேல்.

பணத்தைப் பொறுத்தவரை, எந்தப் பக்கம் உதவித்தொகை கணிசமாக வருகிறதோ அந்தப் பக்கம் சாய்வது தப்பே இல்லை. அடுத்து நான்கு ஆண்டு மருத்துவப் படிப்புச் செலவு காத்திருக்கிறது.

தங்கை மகளுக்கு ஆய்வகத்தில் ஆசை இல்லை. ஆட்கள் நடுவே இருக்க வேண்டும், நாய் பூனை என்றால் உயிர், கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குவாள். நான் ஏ அண்டு எம் என்றேன். பக்கத்து வீட்டுப் பையன் பள்ளியிலேயே பாக்டீரியா வளர்த்துப் பார்த்தவன். அவன் அப்பா கேட்டபோது ஆஸ்டின் என்றேன். தங்கைக்கு இன்னும் அந்தப் பேர் மீது கொஞ்சம் ஏக்கம்தான். மகளோ இந்த ஆகஸ்டில் காலேஜ் ஸ்டேஷனுக்குப் பெட்டி கட்டுகிறாள்.