திசு வாழை என்று பையில் போட்டு விற்ற பக்கக்கன்று: தொட்டியம், முசிறி பக்கம் உஷார்

தொட்டியம், முசிறி, குளித்தலை பக்கம் வேனில் கொண்டுவந்து ஜி-9 என்ற ரகத்துத் திசு வாழைக் கன்று (ஆய்வகத்தில் திசுவிலிருந்து வளர்த்த கன்று) என்று சொல்லி இறக்குகிறார்கள். இந்தப் பட்டத்துக்கு வாங்கும் எண்ணம் இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வயலில் காலங்காலமாகப் பூவன்தான். தெரிந்த தோட்டத்தில், தாய் மரத்தடியில் முளைக்கும் பக்கக்கன்றுகளில் இலை ஈட்டிபோல் குறுகிய ஈட்டிக் கன்றாகப் பார்த்துத் தோண்டி நடுவோம். திசுக் கன்று என்றால் எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தார் போடும், வெட்டும் சேர்ந்து வரும், முறையாகச் சோதித்த கன்றென்றால் கன்றோடு நோயும் வராது. இதில் எதுவும் பொய்யில்லை. முறையான கன்றை நட்டு நல்ல தார் எடுத்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அந்தப் பெயரை வைத்துத்தான் எங்களுக்குக் கன்று விற்ற வேன்காரர் பிழைக்கிறார்.

ஆறுக்கு ஆறு அடி, ஏக்கருக்கு 1,200 கன்று, கன்று 18 ரூபாய் என்று பேச்சு. "லேப்ல இருந்து நேரா வருதுண்ணே, வைரஸ் டெஸ்ட் எல்லாம் பண்ணினது" என்று லேமினேட் செய்த தாள் ஒன்றையும் காட்டினார். அது ஏதோ ஒரு கம்பெனிக்கான அங்கீகாரத் தாள். கம்பெனிக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, நம் களத்தில் இறங்கிய கன்றுக்குச் சான்று இருப்பது வேறு. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-லிருந்து திசுக் கன்றுகளுக்கென்றே ஒரு சான்று முறை வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு தொகுதி (பேட்ச்) கன்றையும் சோதித்து, அந்தத் தொகுதிக்கென்று சான்று தருவார்கள். இவரிடம் அப்படி எதுவும் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. அவர் கொடுத்த வெள்ளைச் சீட்டில் "வாழைக் கன்று" என்பதோடு சரி. ரகம் கூட எழுதவில்லை.

நட்டபின் வரிசைக்கு வரிசை ஏற்றத்தாழ்வு. சில கன்றுகள் இடுப்பு உயரம் வந்தபோது பல முழங்காலிலேயே நின்றன. இலை குறுகி, விறைப்பாக மேல்நோக்கி, ஓரமெல்லாம் மஞ்சள். உரம் பற்றவில்லை என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சித்தப்பாதான் ஒரு இலையை ஒடித்து, வெயிலுக்கு எதிரே தூக்கிக் காட்டினார். அடிப்புறத்தில் நடு நரம்பை ஒட்டியும் காம்பிலும் கரும்பச்சையில் புள்ளியும் சிறு கோடுமாக ஓடியிருந்தது. முடிக்கொத்து நோய் என்ற வைரஸ் நோய். சிறுமலை, பழனி மலைப் பக்கம் விருப்பாச்சி வாழையைச் சீரழித்ததே இதுதான். வந்த மரத்துக்கு மருந்து கிடையாது.

போன் போட்டால், "உங்க தோட்டத்து அசுவினி பரப்பினதுண்ணே, கன்றுல ஒண்ணும் இல்ல" என்கிறார். அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி இந்த நோயைப் பரப்பும், உண்மைதான். ஆனால் அது வயலுக்கு வந்தபின் தொற்றியிருந்தால் அடி இலைகள் நன்றாக விரிந்திருக்கும், புதிதாக வரும் இலைகள்தான் சிறுக்கும். எங்கள் கன்றுகளில் நட்டபின் வந்த முதல் இலையிலிருந்தே சூம்பல்தான். நோய் கன்றோடு வந்தது என்பதற்கு வேறென்ன வேண்டும்?

அப்புறம், பட்டுப்போன கன்றுக்குப் பதிலாகப் போக்கு நடுவதற்காக நிழலில் வைத்திருந்த மிச்சப் பைகளைக் கிழித்து, வேரை வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தோம். திசுக் கன்று என்றால் அடியில் சின்னதாக ஒரு திரட்சியும் சுற்றிலும் ஒரே சீராக வேர்களும் இருக்கும், எங்கும் வெட்டுத் தழும்பு இருக்காது. இவற்றில் பாதிக்கு மேல் கட்டைவிரல் கனத்துக்குக் கிழங்குத் துண்டு, ஒரு பக்கம் கத்தி பட்டுக் கறுத்த வெட்டுவாய். எவர் தோட்டத்திலோ பெயர்த்த சின்னப் பக்கக்கன்றைப் பையில் நட்டு, நாலு இலை விட்டதும் லேப் கன்று என்று விற்றிருக்கிறார். மேலே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

நோய் கண்ட மரங்களில் அசுவினி பறந்துவிடாமல் குருத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, கிழங்கோடு தோண்டி, துண்டு போட்டுப் புதைத்தோம். கன்றுக்காசை விட எரு, சொட்டுநீர்க் குழாய், ஆள்கூலிதான் பெரிய அடி. இப்போது அந்த ஆள் போனையே எடுப்பதில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று தேசிய விதைக் கழக வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் வெள்ளைச் சீட்டை வைத்துக்கொண்டு வாதாடுவது லேசில்லை. அதனால் ரகம், தொகுதி எண், தேதி, விற்பவர் முகவரி எல்லாம் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மழுப்பினால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். இறக்கும் முன் அங்கங்கே நாலைந்து பையை எடுத்து வேரை அலசியும் பாருங்கள். அதற்கே முகம் சுளிக்கிற ஆளிடம் வியாபாரமே வேண்டாம்.

எங்கள் களத்தில் இறக்கியது போக மிச்சக் கன்றோடு அந்த வேன் முசிறிப் பக்கம் போனது. அதில் வாங்கி நட்டவர்கள் உடனே இலைக்காம்பைப் பாருங்கள். கோடு தெரிந்தால் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் விசாரித்து இலை மாதிரியைச் சோதனைக்குக் கொடுங்கள். எது வந்தாலும், அந்த வயலிலிருந்து ஒரு பக்கக்கன்றைக்கூட வெளியே கொடுக்காதீர்கள்.