கிரேசி ரிச் ஏசியன்ஸ்: படம் பார்த்தவர்களும் வாசிக்க வேண்டிய நாவல்

2018இல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு, கெவின் குவானின் இந்த 2013ஆம் ஆண்டு நாவலை வேண்டாமென்று வைத்துவிடாதீர்கள். படத்தில் எல்லோரும் பாராட்டும், மாஜோங் என்ற சீன விளையாட்டுக் காட்சி நாவலில் இல்லை. விமானத்துக்குள் கலியாணம் கேட்கும் காட்சியும் இல்லை. ஆனால் படத்தில் கிடைக்காத ஒன்று இங்கே விரிவாக இருக்கிறது: பெரிய இடத்துச் சனம் ஒரு பெண்ணை விசாரிக்கும் விதம்.

நியூயோர்க்கில் பொருளியல் படிப்பிக்கும் ரேச்சல் சூ, காதலன் நிக்கின் நண்பனுடைய கலியாணத்துக்குச் சிங்கப்பூர் போகிறாள். நிக்கின் தாய் எலினோர் அவளோடு சண்டைக்குப் போவதில்லை. தோழிகளோடு சீனாவின் ஷென்சென் நகருக்குப் போய், ரேச்சலின் தகப்பன் யார் என்ற தகவலைக் காசு கொடுத்து வாங்குகிறாள். எந்த ஊர், என்ன பகுதி, தகப்பன் ஆர் என்று தரகர் வர முன்னமே துருவி முடிக்கும் வீடுகளை அறிந்த நமக்கு எலினோர் அந்நியமானவள் அல்ல. அவளுடைய பயத்தையும் குவான் மதித்து எழுதியிருப்பதுதான் நாவலின் பலம்.

அடியில் ஓடுவது சொத்து. டயர்சால் பார்க் என்ற மாளிகை நிக்கின் பாட்டி சூ யியின் கையில் இருக்கிறது. அவள் பிறந்த வீட்டு வழியாக வந்தது. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமை சொத்தைப் பிரித்து வைத்த மண்ணில், பாட்டியின் ஒரு சொல்லுக்கு ஏன் குடும்பமே நடுங்குகிறது என்பதை விளக்கத் தேவையில்லை.

பலவீனம் நிக். பணத்தைப் பற்றிப் பேசாமல் வளர்க்கப்பட்டவன் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனாலும் காதலியிடம் ஒன்றுமே சொல்லாமல் அவளை அந்தக் கூட்டத்துக்குள் கொண்டுபோய் விடுவது நம்பக் கடினம். பாதிக் கதை அந்த மௌனத்தில்தான் நிற்கிறது. ரேச்சலை விட நிக்கின் மச்சாள் அஸ்ட்ரிட் ஆழமானவள். அவளுடைய கணவன் மைக்கேலின் கள்ள உறவு படத்தில் உண்மை. நாவலில் வேறு விதமாகத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்காகவே வாசிக்கலாம். மனைவியின் பணத்துக்குள் வாழும் ஆணின் அவமானத்தை இவ்வளவு நேராக எழுதியவர்கள் குறைவு.

வாசிக்கும்போது முதலில் யங், சியென், ஷாங் குடும்பங்களின் வம்சாவளிப் படத்தைப் பாருங்கள். அதை விட்டால் ஐம்பது பக்கத்துக்குள் மாமி, மச்சான் எல்லாம் குழம்பிவிடும். ஃபோனில் வாசிப்பவர்கள் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைப்பது நல்லது. ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழி, மலாய்ச் சொற்களுக்கான அடிக்குறிப்புகளைத் தாண்ட வேண்டாம், ஆசிரியரின் குரல் அங்கேதான் தெளிவு. உடுப்பு, நகை, பிராண்ட் பட்டியல்களை வேகமாகக் கடக்கலாம், ஒன்றும் தவறாது. ஆங்கிலம் கடினமில்லை, ஏ/எல் மாணவர்கள் தாராளமாக வாசிப்பார்கள்.

கிளாக்கர் வேலைக்கும் ரெயில்வேக்கும் போன யாழ்ப்பாணத்தார் வாழ்ந்த, சிலோன் றோட்டில் செண்பக விநாயகர் கோயில் நிற்கிற சிங்கப்பூரை இதில் தேட வேண்டாம். இது பழைய சீனப் பணக்காரரின் ஊர் மட்டுமே. அந்த இடைவெளி உறுத்துகிறது.

முதல் நாவல் கலியாணத்தோடு முடியவில்லை. இரண்டாவது 2015இலும் மூன்றாவது 2017இலும் வந்தன. டயர்சால் பார்க் ஆருக்கு என்ற கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் மூன்றாவது வரை போகத்தான் வேண்டும்.