கம்பி இணையத்தைப் பகிர்ந்து தருவதாகச் சொல்லி ரிப்பீட்டரை விற்கிறார்கள்: மண்டபம், உச்சிப்புளிப் பகுதியினர் கவனத்திற்கு

மண்டபத்தில் எங்கள் வீட்டுக்கு இணையம் கம்பி வழியாகத்தான் வருகிறது. தெருக் கம்பத்திலிருந்து இறங்கும் லேன் கேபிள் நேராக முன்னறை மேசைக் கணினியில் செருகப்பட்டிருக்கிறது, ரவுட்டர் கிடையாது. மீன் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் எனக்கு அது போதுமானதாக இருந்தது. மகளுக்கு மடிக்கணினி வாங்கிய பிறகுதான், அதே இணைப்பைக் கம்பியில்லாமல் பின்னறைக்கும் கொண்டுபோக வேண்டிய தேவை வந்தது. ராமநாதபுரத்தில் கணினி பழுதுபார்க்கும் ஒருவரை அழைத்தேன்.

வந்தவர் கணினியைத் தொடுவதற்கு முன்பே, "அண்ணே, கடலோரத்துல உப்புக் காத்து சிக்னலைத் தின்னுரும், சாதாரணப் பொட்டி தாங்காது" என்றார். சுவர் பிளக்கில் செருகும் வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பொருத்தி அதற்கு 3,800 ரூபாயும், ஒரே லைனில் இரண்டு கணினி ஓட்டுவதற்கு "ஷேரிங் லைசென்ஸ்" என்று ஆண்டுக்கு 1,500 ரூபாயும் கேட்டார். மகளின் மடிக்கணினியில் இணையம் வந்தது. ஒரு வீடியோவும் தடையின்றி ஓடியது. 5,300 ரூபாயை அவருடைய எண்ணுக்கு அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, துண்டுச் சீட்டில் "நெட் வேலை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அவருடைய வண்டி தெருமுனையைத் திரும்புவதற்குள் பின்னறையில் இணையம் நின்றுவிட்டது. மறுபடி அழைத்தபோது, லைசென்ஸ் ஏறுவதற்கு இரண்டு நாள் ஆகும் என்றார். அதன் பின் அழைப்பை எடுக்கவே இல்லை.

கீழக்கரையில் பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்ததும் உண்மை வெளிப்பட்டது. அந்தப் பெட்டி ஒரு ரிப்பீட்டர்: ஏற்கெனவே காற்றில் இருக்கும் வைஃபையை வாங்கி இன்னும் சற்றுத் தூரம் அனுப்புவது மட்டுமே அதன் வேலை. எங்கள் வீட்டில் வாங்குவதற்கு வைஃபையே இல்லை. சில ரிப்பீட்டர்களில் லேன் கேபிள் செருக இடம் இருக்கும் என்றும், அப்படியிருந்தால் எப்படியாவது பயன்படுத்தியிருக்கலாம் என்றும் சொல்லிக்கொண்டே அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்புறம் பிளக்கின் இரண்டு முள்களைத் தவிர வேறெதுவும் இல்லை. பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தபோது, எந்த வைஃபையிலிருந்து இணையம் வாங்குகிறது என்ற வரியில் ஒரு கைபேசி மாடலின் பெயர் இருந்தது. வந்தவர் தம் சட்டைப் பையில் இருந்த கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து வைத்துத்தான் எங்களுக்கு வீடியோ ஓட்டிக் காட்டியிருக்கிறார். பெண் குழந்தையின் படிப்பைச் சொல்லி உதவி கேட்ட வீட்டில் இப்படிச் செய்ய ஒருவருக்கு மனம் வந்ததே என்பதுதான், பணத்தைவிட என்னை அதிகம் வருத்தியது.

லைசென்ஸ் என்பதும் பொய். இணைப்பைப் பகிரும் வசதி 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலிருந்தே விண்டோஸுக்குள் இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை. பகிரும் கணினியே மற்றதற்கு வாசலாக நிற்பதால், வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கணினிதான் தெரியும். கேபிள்காரரிடமும் கேட்டேன், அப்படி ஒரு கட்டணம் இல்லவே இல்லை என்றார். உப்புக் காற்று கேபிள் முனையின் உலோகத்தை அரிப்பது நாம் அன்றாடம் பார்ப்பதுதான். வைஃபை அலையை அது தின்னாது.

எங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது, மேசைக் கணினியில் செருகினால் அதிலிருந்தே வைஃபை தரவல்ல 600 ரூபாய் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றுதான். எல்லா அடாப்டரும் ஹாட்ஸ்பாட்டாக இயங்காது என்பதால், கடையில் கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்கினோம். விண்டோஸ் 10 அமைப்புகளில் நெட்வொர்க் பகுதியில் உள்ள மொபைல் ஹாட்ஸ்பாட்டில், பகிர வேண்டிய இணைப்பாக ஈதர்நெட்டை (அதாவது லேன் கேபிள் வழி வரும் இணைப்பை) தேர்ந்து, கடவுச்சொல்லை மாற்றி, பொத்தானைத் திருப்பியதும் மடிக்கணினி இணைந்துவிட்டது. இந்த முறையில் எட்டுக் கருவிகள் வரை இணைக்கலாம். மேசைக் கணினி அணைந்தால் பின்னறையிலும் இணையம் போய்விடும் என்பது இதன் குறை; எந்நேரமும் வேண்டுவோர் கேபிளை ஒரு ரவுட்டரில் செருகிவிடுவதே நல்லது.

உங்கள் வீட்டுக்கு இப்படி யாராவது வந்தால், பணம் கொடுக்கும் முன் அவருடைய கைபேசியை ஏரோபிளேன் மோடில் போடச் சொல்லி, அதன் பிறகு இணையம் வருகிறதா என்று பாருங்கள். பொருளின் பெயர், மாடல் எண், விலை ஆகியவை எழுதிய ரசீது இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் நான் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய விவரம், அமைப்புப் பக்கத்தின் படம் மூன்றையும் அந்த வெள்ளைப் பெட்டியோடு சேர்த்து எடுத்து வைத்திருக்கிறேன்.