டெயில் லைட்டுக்குள் தண்ணீர்: புதியதற்குப் பணம் வாங்கிவிட்டுப் பழையதையே மாட்டிய பணிமனை

மழைக்காலத்தில் காரின் டெயில் லைட்டுக்குள் நீர் புகுந்து பணிமனைக்குச் செல்லவிருப்பவர்கள், தென்சென்னையிலுள்ள ஒரு பணிமனையில் எனக்கு நேர்ந்ததை அறிந்துகொண்டு செல்வது நல்லது.

விளக்கின் உட்புறம் மெல்லிய ஆவி படிவது வேறு, தண்ணீர் தேங்குவது வேறு. இவ்விளக்குகள் காற்றுப் புகாதபடி மூடப்பட்டவை அல்ல. உள்ளே சூடாகும் காற்று வெளியேறப் பின்புறத்தில் சிறு துளைகள் உண்டு. ஆகவே ஈரமான காலையில் படியும் ஆவி, விளக்கைச் சற்று நேரம் எரியவிட்டாலோ வெயில் பட்டாலோ தானாகவே மறைந்துவிடும். அதற்காக எவரேனும் விளக்கை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள். என் காரிலோ இடப்பக்க விளக்கின் அடியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது; பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிந்தது. பல்பைப் பொருத்தும் ஹோல்டரின் உலோக முனைகளில் பச்சைத் துரு பூத்து எர்த் இணைப்பு கெட்டால் இவ்வாறு நேரும்.

சர்வீஸ் அட்வைசர் விளக்கைக் கழற்றிக்கூடப் பார்க்காமல், “லைட் பாடியே விரிசல் விட்டிருக்கிறது சார், முழு அசெம்பிளியையும்தான் மாற்ற வேண்டும்” என்றார்; அதாவது விளக்கு முழுவதையும். பார்ட் நம்பரோடு, புதிய அசெம்பிளிக்கு 6,850 ரூபாயும் கூலி தனியாகவும் பில் போட்டார்கள். வண்டி பளபளவென்று வந்தது. அடுத்த கனமழையில் அதே விளக்குக்குள் முன்பைவிட அதிகமாகத் தண்ணீர் நின்றது.

டிக்கியின் உட்புற மூடியை எடுத்து, நட்டுகளைத் தளர்த்தி விளக்கை வெளியே இழுத்தபோது எல்லாம் விளங்கிவிட்டது. விளிம்பு முழுவதும் வெள்ளை சிலிக்கான் பூசியிருந்ததோடு, காற்றுத் துளைகளையும் அதைக் கொண்டே அடைத்திருந்தார்கள். உள்ளே போன நீர் ஆவியாகி வெளியேற வழியே இல்லை. பூச்சில் வினிகர் நெடி அடித்தது. அவ்வகை சிலிக்கான் காயும்போது வெளிவிடும் அமிலம், செம்பையும் பித்தளையையும் அரித்துவிடும். பிளாஸ்டிக்கில் வார்ப்பிலேயே பதிந்த, தயாரித்த ஆண்டைக் குறிக்கும் வட்ட முத்திரை 2018 என்று காட்டியது. என் கார் வாங்கிய ஆண்டும் அதுதான். முன்பொரு முறை பைக் உரசி விழுந்த கீறல்கூட, பாலிஷ் போட்டதையும் மீறி, சாய்வாகப் பார்த்தால் அதே மூலையில் தெரிந்தது.

நேரில் கேட்டபோது முதலில் அது “ரீகண்டிஷன் யூனிட்”, அதாவது பழையதைச் சீர்செய்தது என்றார்கள். பில்லில் புதியது என்று இருப்பதைக் காட்டியதும், கம்பெனியிலிருந்து அப்படித்தான் வந்தது என்று பேச்சை மாற்றினார்கள். பழைய விளக்கு எங்கே என்றால் ஸ்கிராப்பில் போய்விட்டதாம். பெட்டி எங்கே என்றால் பதிலே இல்லை. அசல் உதிரிபாகம் பார்ட் நம்பர், எம்ஆர்பி, தயாரித்த மாதம் ஆகியவை அச்சிட்ட லேபிளுடன்தான் பெட்டியில் வரும் என்பதால், அந்தப் பெட்டியை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று வண்டியை விடும்போதே, செய்யவேண்டிய வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை. மாட்டிய பிறகு, அங்கேயே ஹோஸ் பிடித்து விளக்கின் மீது தண்ணீர் அடித்துக் காட்டச் சொல்வதிலும் தவறில்லை.

பில்லையும் விளக்கின் படங்களையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்தேன். அதன் பிறகே பணிமனை விளக்கின் விலையைத் திருப்பித் தந்தது. கூலியைத் தர மறுக்கிறார்கள். அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு அளிக்க இருக்கிறேன்.

விளக்கில் விரிசலே இல்லை. பல்பு ஹோல்டரின் ரப்பர் வளையம் இறுகிப்போய் அதன் வழியாகவே நீர் இறங்கியிருக்கிறது. வேறொரு மெக்கானிக் சிலிக்கானைச் சுரண்டி எடுத்து, துளைகளைத் திறந்து, விளக்கை உலர்த்திப் புது ஹோல்டர் மாட்டினார். மொத்தச் செலவு 900 ரூபாய்.