இரண்டு பாயிண்ட்டில் போன கனடா: ராமநாதபுரத்து விசா ஆபீஸ் ஒன்றில் என் அனுபவம்

பத்து நாளைக்கு முன்னால் பெரியப்பா மகன் போன் பண்ணி, "அண்ணே, நீங்க போன ஆபீஸ்லயே நானும் ஃபைல் போடட்டுமா, நம்ம ஊர்க்காரங்கதானே" என்று கேட்டான். இத்தனை வருடம் எழுதாமல் விட்டதை அவனுக்காகத்தான் இப்போது எழுதுகிறேன். ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த அரை எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

பெயர் போடவில்லை. நோட்டீஸ், வக்கீல் என்று அலைய எனக்குத் தெம்பில்லை. ராமநாதபுரத்தில் மாடிப்படி ஏறினால் ஏசி அறை, சுவரில் கனடாக் கொடி, அதன் கீழே விசா ஒட்டிய பாஸ்போர்ட் நகல்கள் வரிசையாக. கீழே டூவீலரை நிறுத்தும்போதே ஒரு பையன் வந்து "கனடாவா சார், மேல வாங்க" என்பான். கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆள் வரும். நம் கடற்கரையில் வெளிநாடு போவது புதிதில்லை, வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ மலேசியாவிலோ இருப்பார். ஆனால் குடும்பத்தோடு போய் நிரந்தரமாகத் தங்குவது வேறு கணக்கு. அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும் என்று நம்பித்தான் 85,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டேன். மூன்று தவணை: சேரும்போது 25,000, கனடாவிலிருந்து அழைப்பு வந்ததும் 35,000, விண்ணப்பம் போனதும் 25,000. இந்த நடுத் தவணையை ஞாபகத்தில் வையுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது.

எனக்கு அப்போது 31 வயது. மண்டபத்துக்காரன், அப்பா விசைப்படகு வைத்திருந்தவர், நான் எம்.இ. முடித்து ஷார்ஜாவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். மனைவி பி.எஸ்ஸி. கணிதம், தபால் வழியில் எம்.எஸ்ஸி.யும் எழுதி முடித்திருந்தாள், மெட்ரிக் பள்ளியில் ஆசிரியை. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்று 2015லிருந்து நடக்கும் முறையில் வயது, படிப்பு, ஆங்கிலம், வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் பாயிண்ட் போட்டு வரிசைப்படுத்துவார்கள், அப்போது சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கட் ஆஃப் வைத்து, அந்த அளவும் அதற்கு மேலும் இருப்பவர்களை அழைத்தார்கள். என் கணக்கு இப்படி: வயதுக்கு 90, எம்.இ.க்கு 126, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு 128 (மதுரையில் இரண்டாவது தடவை எழுதித்தான் ரைட்டிங்கில் 7.5 வந்தது), படிப்பும் அனுபவமும் ஆங்கிலத்தோடு சேர்வதற்கு 100. மொத்தம் 444. அதற்கு மேல் மனைவியின் படிப்பு.

இங்கேதான் விஷயம். கணவனோ மனைவியோ கூட வந்தால் அவர்கள் படிப்புக்கு அதிகபட்சம் 10 பாயிண்ட். மூன்று வருட டிகிரிக்கு 8, முதுகலைக்கு 10. ஆனால் நாம் படித்தோம் என்று நாமே சொன்னால் போதாது, நம் பட்டம் அங்கே எதற்குச் சமம் என்று மதிப்பிட்டுத் தரும் ஈசிஏ அறிக்கை கையில் இருக்க வேண்டும். மனைவிக்கு பி.எஸ்ஸி. அறிக்கை வந்துவிட்டது. எம்.எஸ்ஸி. பட்டச் சான்றிதழ் பல்கலைக்கழகத்திலிருந்து அப்போது வரவில்லை, அதனால் மதிப்பீட்டுக்கே அனுப்பவில்லை. ஆக நியாயமாக எங்களுக்கு 8தான், மொத்தம் 452.

ஆபீஸில் இருந்தவர் முதுகலை என்று போட்டு 454 ஆக்கினார். நான் கேட்டேன். மறைக்கவில்லை, கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டதும் நான்தான். "தம்பி, படிச்சது உண்மைதானே? பேப்பர் வர்றது லேட்டு, அவ்வளவுதான். விண்ணப்பம் போடறதுக்குள்ள வந்துரும். மே மாசம் உங்க பிறந்தநாள், 32 ஆச்சுன்னா அஞ்சு பாயிண்ட் போயிரும், பார்த்துக்குங்க" என்றார். வயது விஷயத்தில் அவர் சொன்னது சரி, முப்பதுகளில் வருடத்துக்கு ஐந்து ஐந்தாகத்தான் இறங்கும். பயந்துவிட்டேன்.

2019 மார்ச் 6 அன்று கட் ஆஃப் 454. மிகச் சரியாக 454. அழைப்பு வந்தது, வீட்டில் கொண்டாட்டம், மாமியார் நகையை அடகு வைத்து 35,000 கட்டினோம், அத்தை பாம்பனிலிருந்து நண்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் முழு விண்ணப்பம் போக வேண்டும். நம்மூர் மீன்பிடித் தடைக்காலமே 61 நாள், அதைவிட ஒரு நாள் குறைவு. ஏப்ரல் 15க்குப் பிறகு மண்டபத்தில் படகெல்லாம் கட்டிக் கிடந்தபோது நான் மெடிக்கலுக்குச் சென்னை, போலீஸ் சான்றிதழ், ஷார்ஜா சான்றிதழ், வங்கிக் கடிதம் என்று ஓடிக்கொண்டிருந்தேன். எம்.எஸ்ஸி. அறிக்கை மட்டும் வரவில்லை. பி.எஸ்ஸி. அறிக்கையையே வைத்து, பல்கலைக்கழகத்தில் தாமதம் என்று ஒரு விளக்கக் கடிதம் சேர்த்து ஏப்ரல் கடைசியில் அனுப்பினார்கள். கடைசித் தவணையும் கட்டினேன்.

அந்த அரை நட்சத்திரம் இந்த இரண்டு மாதத்துக்கு. ஃபைல் அடுக்கும் மேசையில் ஒரு அக்கா இருந்தார், அவர் வேலையில் குறையே சொல்ல முடியாது. எந்தத் தாளில் கையெழுத்து விட்டுப்போனது, ஷார்ஜா கம்பெனிக் கடிதத்தில் வேலை நேரமும் சம்பளமும் ஏன் எழுதியிருக்க வேண்டும், எல்லாம் பொறுமையாகச் சொன்னார். எம்.எஸ்ஸி. பற்றி அவரும் முணுமுணுத்தார், உள்ளே போய்ச் சொல்லிவிட்டு முகம் சுருங்கி வெளியே வந்தார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அக்டோபரில் நிராகரிப்பு. அதுவும் எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும், ஏனென்றால் விண்ணப்பத்துக்கான இணையக் கணக்கை அவர்களுடைய ஈமெயிலில் திறந்திருந்தார்கள். கடிதத்தில் இருந்த சட்டப்பிரிவு 11.2. எளிதாகச் சொன்னால், அழைப்பு வந்த அன்றும் விண்ணப்பம் போய்ச் சேர்ந்த அன்றும் எந்தத் தகுதியைச் சொல்லிப் பாயிண்ட் வாங்கினாயோ அது உன்னிடம் இருந்திருக்க வேண்டும். மனைவியின் முதுகலைக்கு அறிக்கை இல்லை, 10 என்பது 8 ஆகிறது, 454 என்பது 452 ஆகிறது, அன்றைய கட் ஆஃப் 454, எனவே இல்லை. வேடிக்கை என்னவென்றால் எம்.எஸ்ஸி. அறிக்கை ஆகஸ்டிலேயே வந்துவிட்டது, முதுகலைதான் என்று அழகாகப் போட்டு. பின்னால் வந்த தாளுக்கு மதிப்பில்லை.

வெளிநாட்டிலிருந்து போட்ட விண்ணப்பத்துக்கு அங்கே ஃபெடரல் கோர்ட்டுக்குப் போக 60 நாள் அவகாசம் உண்டு. அதில் மூன்று வாரம் இவர்கள் இன்பாக்ஸிலேயே கழிந்தது. மிச்ச நாளில் டொரொன்டோவில் இருக்கும் நண்பன் மூலம் ஒரு வக்கீலிடம் கேட்டோம். அவர் பணம் வாங்காமலே, அதிகாரி செய்தது சட்டப்படி சரி, வழக்கு நிற்காது, தவறான தகவல் கொடுத்ததாகச் சொல்லி ஐந்து வருடத் தடை போடாமல் விட்டார்களே, அதற்குச் சந்தோஷப்படுங்கள் என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. தடை என்று ஒன்று இருப்பதையே ஆபீஸில் யாரும் சொல்லவில்லை.

இப்போது எனக்கு இன்றும் ஆறாத இரண்டு விஷயம்.

முதலாவது, மார்ச் 6க்கு அடுத்து மார்ச் 20 கட் ஆஃப் 452. ஏப்ரல் 3 அன்று 451. ஏப்ரல் 17 அன்றும் 451. எங்கள் உண்மையான மதிப்பெண் 452. ஒன்றும் கூட்டிப் போடாமல், பி.எஸ்ஸி.யை பி.எஸ்ஸி. என்றே எழுதி நான்கு வாரம் சும்மா இருந்திருந்தால் பிறந்தநாளுக்கு முன்பே நேர்வழியில் அழைப்பு வந்திருக்கும். கட் ஆஃப் இறங்கும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜனவரியில் 438 வரை இறங்கியதை அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர் பார்த்தவர்தானே. பொறுக்கச் சொல்லியிருந்தால் அவருடைய நடுத் தவணையும் பொறுத்திருக்கும், அதுதான் சிக்கல்.

இரண்டாவது என் மனைவி. படிப்புக்கு 10 தருகிறவர்கள் துணைவரின் ஆங்கிலத்துக்கு 20 வரை தருகிறார்கள். ஐஇஎல்டிஎஸ்ஸில் நான்கு பகுதியிலும் 6 வாங்கினால் போதும், 12 பாயிண்ட். அவள் அந்த ஆபீஸுக்கு என்னோடு நான்கு தடவை வந்திருக்கிறாள், ஒரு தடவைகூட அவளைப் பார்த்து "நீங்க ஆங்கிலத் தேர்வு எழுதுறீங்களாம்மா?" என்று கேட்கவில்லை. பேசியதெல்லாம் என்னிடம், அவளிடம் கேட்டது சான்றிதழ் மட்டும். நானும்தான் கேட்கவில்லை. நிராகரிப்புக்குப் பிறகு அவளே இணையத்தில் அந்த அட்டவணையைப் படித்துவிட்டு, "என்னங்க, என் பேப்பருக்காக அலைஞ்சீங்க, என்னை எழுதச் சொல்லலையே" என்றாள். டிசம்பரில் மதுரை போய் முதல் தடவையிலேயே நான்கிலும் 6.5. மார்ச்சில் அந்த 12 இருந்திருந்தால் எங்களுக்கு 464, பத்து பாயிண்ட் மிச்சம் வைத்துப் போயிருப்போம்.

ஆனால் அதற்குள் எனக்கு 32 ஆகிவிட்டது, கட் ஆஃப் அக்டோபர் கடைசியில் 475க்கு ஏறிவிட்டது. எம்.எஸ்ஸி. அறிக்கை, அவளுடைய ஐஇஎல்டிஎஸ் எல்லாம் சேர்த்தும் 461தான். அடுத்த வருடம் கொரோனா. பிறகு எங்களை மாதிரி வெளியிலிருந்து போடுகிறவர்களுக்கு நீண்ட காலம் அழைப்பே இல்லை, 2022 ஜூலையில் பொது அழைப்பு திரும்ப ஆரம்பித்தபோது கட் ஆஃப் 557. அத்தோடு விட்டுவிட்டோம்.

பணக் கணக்கு: கனடா அரசுக்குக் கட்டியதில் ஆளுக்கு 490 டாலர் நிரந்தர வசிப்புரிமைக் கட்டணம் திரும்ப வந்தது, ஆளுக்கு 550 டாலர் பரிசீலனைக் கட்டணமும் குழந்தைக்குக் கட்டிய 150ம் போனது போனதுதான். ஆபீஸுக்கு மூன்று தடவை நடந்து 15,000 வாங்கினேன். "எங்க தப்பு இல்ல தம்பி, அதிகாரி கொஞ்சம் கறாரான ஆளு" என்று ஒரு விளக்கம் வேறு.

தம்பிக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பம் போட அங்கே பதிவு பெற்ற ஆலோசகருக்கோ வக்கீலுக்கோதான் அனுமதி. ஆலோசகர் என்றால் ஆர்சிஐசி எண், அதாவது அவருடைய உரிம எண் கேள், அவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் தளத்தில் தட்டிப் பார், பெயர் வரும். நான் போன இடத்தில் அப்படி யாருமே இல்லை, பிரதிநிதி என்ற படிவத்தையே நிரப்பாமல் நானே போட்ட மாதிரி அனுப்பியிருந்தார்கள். கணக்கு உன் ஈமெயிலில்தான் திறக்க வேண்டும். பாயிண்ட் கணக்கு அரசுத் தளத்தில் இலவசமாக இருக்கிறது, மனைவியோடு உட்கார்ந்து ஒரு சாயங்காலம் போட்டுப் பார், அவளை முதன்மை விண்ணப்பதாரராக வைத்தும் ஒரு தடவை போடு, சில வீட்டில் அப்படித்தான் கூடும். ஜாப் ஆஃபருக்குப் பாயிண்ட் வாங்கித் தருகிறோம் என்று யாராவது இன்னும் சொன்னால் எழுந்து வந்துவிடு, 2025 மார்ச் 25லிருந்து அந்தப் பாயிண்ட்டே கிடையாது.

எல்லாம் கேட்டுவிட்டு அவன், "சரிண்ணே, ஆனா அந்த ஆபீஸ் இப்ப வேற பேருல்ல இருக்கு" என்றான். போன வாரம் ராமநாதபுரம் போனபோது பார்த்தேன். அதே மாடிப்படி, அதே ஏசி, பலகை மட்டும் புதிது. சுவரில் கனடாக் கொடிக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியாவும் ஜெர்மனியும் சேர்ந்திருக்கின்றன. ஃபைல் அடுக்கும் மேசையில் அந்த அக்கா இல்லை.